வெள்ளிக்கிழமை மௌன விரதம்

"கலைஞர்கள் உடனே மேடைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கியில் மூன்று முறை அழைத்தார்கள். யாரும் வரவில்லை. நான்காவது அழைப்பில் கோபம் தெரிந்தது. "நேரம் ஆகிறது, கலைஞர்கள் ஒத்துழைக்க வேண்டும்." அழைக்கப்பட்ட ஐந்து பேருக்கும் காது கேட்காது. காது கேளாதோர் நடிக்கும் சைகை நாடகம் என்று வாசலில் ஆளுயரத்துக்குப் பேனர் கட்டியிருந்தவர்களும் இப்படி அழைத்தவர்களேதான்.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி என் மகள். நாடகத்தை எழுதியவளும் அவள்தான். நான் மேடையின் ஓரத்தில் இன்னொரு மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சைகை தெரியாத பார்வையாளர்களுக்காக வசனத்தைத் தமிழில் படிப்பது என் வேலை. எழுந்து போய் அவர்களை அழைத்து வரலாமென்றால் முழங்கால் ஒத்துழைக்காது. அழைப்பு விடுத்தவரைப் பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் எனக்கு வணக்கம் வைத்தார்.

அன்று மாலை முழுக்க இப்படித்தான். அரங்கம் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் அங்கே வண்டி விடமாட்டார்கள். ஊரே காற்று வாங்க நடக்கும். நாடகச் சாமான் கொண்டுவருகிறவர்கள் முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான்கு நாற்காலி, ஒரு பெஞ்சு, காபித் தட்டு, துணி மூட்டை அத்தனையையும் தடுப்புக் கம்பியிலிருந்து கையாலேயே தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வந்தால் மேடை நீல இருட்டாக இருந்தது. கலையம்சமாக இருக்கட்டும் என்று விழாப் பொறுப்பாளர் செய்த ஏற்பாடு. கையைப் பார்த்துப் பேசுகிறவர்கள் இருட்டில் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டேன்.

"அதான் நீங்க மைக்ல பேசறீங்களே சார்" என்றார்.

கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வெள்ளை விளக்குகள் வாங்கினேன். கலை எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நடத்தப்பட்ட இரண்டு நாள் விழா அது. எரிச்சல்படக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு அருகதை குறைவு. அன்று நடந்த தவறுகளில் மோசமானதைச் செய்தவன் நான்தான். அவர்கள் தெரியாமல் செய்தார்கள்.

நான் ஆயுள் முழுக்கப் பள்ளியில் தமிழும் பிரெஞ்சும் கற்பித்தவன். முதலியார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் என்னை இன்னமும் 'முசே' என்றுதான் கூப்பிடுகிறார்கள்; பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். மகளுக்கு ஒன்றரை வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போயிற்று. கைச்சைகை பழக்கினால் குழந்தைக்குப் பேச்சே வராது என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை அசைத்து எதைக் கேட்டாலும் தரமாட்டேன். தண்ணீரைக்கூட. வாயைத் திறந்து "தண்ணி" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் கையைத் தூக்கினால் மர ஸ்கேலால் விரல் முட்டியில் அடிப்பேன். ஒரு முறை, இரண்டு முறை அல்ல. வருடக்கணக்கில்.

என் மனைவி சமையலறையில் அவளோடு கையால் பேசுவாள் என்பது எனக்குத் தெரியும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் மனைவி கையை இறக்கிவிடுவாள். அதைப் பார்த்து மகளும் இறக்கிவிடுவாள். நான் நுழையும்போது வீடு அமைதியாக இருக்கும். கட்டுப்பாடான குடும்பம் என்று எனக்குப் பெருமை.

அவள் வளர்ந்து, தன்னைப் போன்றவர்களிடமிருந்து முறையான சைகை மொழியைக் கற்றுக்கொண்டாள். இப்போது உழவர்கரையில் தனியாக வீடு எடுத்துக்கொண்டு, ஓர் அச்சகத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிறாள். நான் பேசினால் என் உதட்டைப் படிப்பாள். மீதியை வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்வோம். அவளுடைய மொழியில் அந்த விழா நாள்வரை எனக்கு ஒரு சொல் தெரியாது.

ஆகவே, நாடகத்துக்குக் குரல் கொடுக்கிறீர்களா என்று அவள் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்களயா கேட்டா? ஊர்ல வேற தொண்டையே கெடைக்கலியாமா?" என்றாள் மனைவி.

நாடகத்தின் கதையைச் சொல்வதற்கு முன்னால், அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மகளுக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு வெளியூர்க் குடும்பம் பெண் பார்க்க வந்தது. காது கேட்காத விஷயத்தை நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. முதலில் பெண்ணைப் பார்க்கட்டும், பிடித்துப்போனால் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே இரு என்று அவளுக்குச் சொல்லி வைத்தேன். அவள் பேச வேண்டிய இடங்களையெல்லாம் நானே பேசி நிரப்பினேன். மாப்பிள்ளையின் அத்தை அவளுக்குப் பின்னாலிருந்து, "பாட்டு கீட்டு வருமாம்மா?" என்று கேட்டாள். மகள் திரும்பவில்லை. அத்தை மறுபடியும் கேட்டாள்.

"இன்னிக்கி வெள்ளிக்கெழம இல்லீங்களா? பாப்பா மௌன விரதம்" என்றேன்.

எப்படித்தான் வாயில் வந்ததோ. அவர்கள் சொக்கிப்போனார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்றார்கள். நான் விரதத்தின் மகிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அப்போது சமையலறையில் பித்தளை அண்டாவின் மூடி கீழே விழுந்தது. எல்லோரும் துள்ளினோம். அவள் மட்டும் சிரித்த முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

அதன் பிறகு மகள் யாருக்கும் காபித் தட்டைத் தூக்கவில்லை. நானும் அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை.

இத்தனை காலம் கழித்து அவள் அதை நாடகமாக எழுதியிருந்தாள். அதுவும் சிரிப்பு நாடகமாக. அவள் நாடகத்தில் மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. அவன் வீட்டாரும் அதை மறைத்துத்தான் வந்திருக்கிறார்கள். பெண்ணின் அப்பா, "பாப்பா மௌன விரதம்" என்கிறார். மாப்பிள்ளையின் அப்பா ஒரு நிமிடம் திகைத்துவிட்டு, "எங்க பையனும்" என்கிறார். இரண்டு குடும்பமும் ஒன்றின் பக்தியை மற்றொன்று மெச்சிக்கொள்கிறது. அண்டா மூடி விழுகிறது. பெரியவர்கள் துள்ளுகிறார்கள்; பெண்ணும் பிள்ளையும் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது யார் யாரைக் கேட்பது? பெரியவர்கள் விழித்துக்கொண்டிருக்க, காபித் தட்டின் மறைவில் இரண்டு பேரும் கையால் பேசிக்கொள்கிறார்கள்: உங்க அப்பா எப்ப நிறுத்துவார்? உங்க அப்பா?

பெண்ணின் அப்பாவாக நடித்தவள் என் மகள். ஒட்டு மீசை, வேட்டி, சட்டைப் பையில் சிவப்புப் பேனா. மணப்பெண்ணாகப் புடவை கட்டி நடித்தவர் வைத்திக்குப்பத்து மீனவர் ஒருவர். தோள் இரண்டும் கதவு அகலம். அவருடைய மனைவி மீன் விற்பவள், காது கேட்பவள். கணவரோடு வாழ்ந்தே சைகையைக் கற்றவள்.

வசனத்தை மகள் எனக்கு எழுதி அனுப்பினாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். "அப்பா பேசுறார். காபி ஆறுது. அப்பா பேசுறார். காபி மேல ஆடை. அப்பா பேசுறார்." மனைவி வாங்கிப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போட்டோ புடிச்ச மாதிரி எழுதியிருக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன். இதை இப்படியே படித்தால் முசேயின் மகளுக்குத் தமிழ் வராது என்று நினைப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "அப்பா பேசுறார்" என்பதை அடித்துவிட்டு, "பெற்ற மனம் தன் துயரைச் சொற்களால் மூடிக்கொண்டிருந்தது" என்று எழுதினேன். மௌன விரதம் வருகிற இரண்டு வசனங்களையும் அடித்தேன். "அவள் இதழ்கள் மௌனித்தன, இதயம் மட்டும் ஓலமிட்டது" என்று எழுதினேன். அடித்துத் திருத்தி முடித்தபோது அந்தத் தகப்பன் ஒரு தியாகியாக ஆகியிருந்தான்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைகளில், கருவடிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்தது. மகள் கையைக் காட்டும்போது நான் படிக்க வேண்டும். கையை மூடும்போது நிறுத்த வேண்டும். மீன்காரப் பெண்மணிக்கு ஞாயிறு சந்தை நாள் என்பதால் அவள் வரமாட்டாள். அந்த அறையில் காது கேட்கிறவன் நான் ஒருவன்தான். என் உதட்டையும் காகிதம் மறைத்திருந்தது. நான் எதைப் படிக்கிறேன் என்று தெரிந்துகொள்ள அங்கே யாருக்கும் வழியில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் என் வசனத்தைப் படித்தேன்.

சனிக்கிழமை மாலை, முதல் காட்சி. அந்த அரங்கில் உதவி தேவைப்பட்டவர்கள் காது கேட்கிறவர்கள்தான். முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த காது கேளாதவர்களுக்கு எந்த உதவியும் வேண்டியிருக்கவில்லை. அவர்கள் ஆரம்பத்திலிருந்தே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பின்வரிசைகளில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. மகள் மீசையை முறுக்கிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, காபித் தட்டோடு நிற்கும் புடவைக்காரரைக் கவனிக்காமல் நடைபோட்டாள். நான் குரலைத் தழைத்து, இதயம் ஓலமிட்டதைப் படித்தேன். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவள் பார்வையாளர்களைப் பார்த்தாள். சிரிப்பை அவள் மற்றவர்களின் தோள்களில்தான் பார்ப்பாள். முன்னால் தோள்கள் குலுங்கின, பின்னால் அசையவில்லை. அடுத்த வசனத்தில் இன்னும் பெரிதாக நடித்தாள். இன்னும் அழுதார்கள்.

நாடகம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் ஐந்து பேருக்கும் பொன்னாடை போர்த்திவிட்டு, 'தெய்வக் குழந்தைகள்' என்று ஆரம்பித்துப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஐம்பது வயது மீனவர் புடவையோடு நின்று அதை ஏற்றுக்கொண்டிருந்தார். சைகையில் மொழிபெயர்க்க யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்மணி தன் ஆட்களுக்குச் சொல்வதற்காக எழுந்தாள். ஒரு கையை வாத்தின் அலகு மாதிரி திறந்து திறந்து மூடினாள். சற்றுக் கழித்து மறுபடியும் அதையே. மேடையிலும் கீழேயும் காது கேளாதவர்கள் சிரித்தார்கள். தன் பேச்சு எடுபடுகிறது என்று எண்ணி விருந்தினர் இன்னும் கொஞ்சம் பேசினார்.

பிறகு மேடை ஓரத்தில் மகள் அந்தப் பெண்மணியிடம் எதையோ கேட்டாள். அவள் முதலில் தலையைச் சொறிந்தாள். பிறகு சொன்னாள். நிறையச் சொன்னாள். மகளின் கைகள் நின்றுபோயின. திரும்பி என்னைப் பார்த்தாள். மீசை பாதி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மகளும், சந்தையை விட்டுவிட்டு மீன்காரப் பெண்மணியும் வீட்டுக்கு வந்தார்கள். மகள் என் மேசையிலிருந்து, நான் சிவப்பில் திருத்திய பிரதியைத் தானே எடுத்துக்கொண்டாள். நின்றபடியே கடைசி வரை படித்தாள். பிறகு கை பேசியது. மீன்காரப் பெண்மணி சொல்லத் தொடங்கினாள்.

"முசே, நான் சொல்லல. ஒங்க பொண்ணு சொல்லுது. அத மனசுல வச்சிக்கோங்க."

"சொல்லும்மா."

"எதுக்கு மாத்துனீங்கன்னு கேக்குது."

"மொழி கொஞ்சம்… செம்மையா இருக்கட்டுமேன்னு."

அவள் அதைக் கையால் சொன்னாள். மகள் ஒரே ஓர் அசைவில் பதில் சொன்னாள்.

"பொய்யின்னுது."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். "என்னை ஏன் பாக்கறீங்க? பொய்தானே?" என்றாள்.

மகள் வேகமாகப் பேச ஆரம்பித்தாள். பெண்மணிக்கு மூச்சு வாங்கியது. "கோவத்துல இத எழுதல, கோவம் போனப்புறந்தான் எழுதுனேன்னுது. கோவம் இருந்தா சிரிப்பு வராதாம். ஜனங்க சிரிக்கணும், அதுக்குத்தான் இவ்ளோ பாடுபட்டமாம். நீங்க எல்லாரையும் அழ வச்சி, அந்தக் கோவத்த மறுபடி இட்டாந்து உட்டுட்டீங்களாம். செத்த இரு தாயி, மெதுவாச் சொல்லு… ம். எங்க கைய எப்பவும் நீங்க வுடவே மாட்டீங்களா, அப்பிடின்னுது."

என் கண் அவள் விரல் முட்டிகளில் போய் நின்றது. வாத்தியார் வேலையில் யாரையெல்லாமோ எழுந்து நிற்க வைத்து, ஏன் செய்தாய் என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் இடத்தில் நான் நின்றேன்.

"அந்த விரதப் பேச்சு நான் சொன்ன பொய். அதை ஊர் முன்னால என் வாயால சொல்ல வெக்கமா இருந்திச்சு. அதான் அடிச்சேன்" என்றேன். உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். மகள் நேரடியாகப் படித்துக்கொண்டாள். "இன்னிக்கி இவங்க படிக்கட்டும். எனக்கு வேணாம்."

"ஐய, எனக்கு எழுத்துக்கூட்டிப் படிச்சாத்தான் படிப்பு. கல்யாணமே முடிஞ்சிடும்" என்றாள் பெண்மணி.

மகள் முடியாது என்று தலையை ஆட்டினாள். கையால் பேசவில்லை. நான் பல வருடம் அடித்து வரவழைத்த அந்தக் குரலில், கரகரவென்று, "நீங்க" என்றாள். பிறகு பிரதியைக் கிழித்துக் கீரைக்காம்புகளின் மேல் போட்டுவிட்டு, தன்னுடைய பிரதியை என் கையில் கொடுத்தாள்.

ஞாயிறு மாலை நாங்கள் நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். எல்லா விளக்கையும் போடச் சொன்னேன்.

"எல்லாம் போட்டா கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடும் சார்" என்றார் பொறுப்பாளர்.

"கல்யாண விஷயந்தான். போடுங்க."

கூட்டத்தில் என் பழைய மாணவர்கள் சிலர் தெரிந்தார்கள். தலை நரைத்த மாணவர்கள். மனைவி மூன்றாவது வரிசையில் இருந்தாள். மீன்காரப் பெண்மணி என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மேடையில் கை அசையும்போது அவள் என் தோளில் தட்டுவாள். நான் படிக்க வேண்டும்.

"அப்பா பேசுகிறார்" என்று ஆரம்பித்தேன்.

"முசே, பாடம் நடத்தாதீங்க. பேசுங்க" என்று காதோரம் சொன்னாள்.

"அப்பா பேசுறார். காபி ஆறுது." எங்கோ ஒரு சிரிப்பு. "அப்பா பேசுறார். காபி மேல ஆடை." இன்னும் இரண்டு மூன்று. மகள் கூட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். அத்தையாக நடித்தவர் பெண்ணின் பின்னால் வந்து நின்று, பாட்டு வருமா என்று இரண்டு முறை கேட்டார். என் மகள், அந்த அப்பா, வானத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துத் திரும்பச் சொருகினாள். தோளில் தட்டு விழுந்தது. நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் தட்டினாள், அடித்தாள் என்றே சொல்லலாம்.

"இன்னிக்கி வெள்ளிக்கெழம இல்லீங்களா? பாப்பா மௌன விரதம்."

நடிக்கவெல்லாம் இல்லை. அன்றைக்குச் சொன்ன அதே குழைவு, அதே அசட்டுத்தனம் அப்படியே வந்துவிட்டது. அரங்கம் வெடித்தது. நான் பதறி அடுத்த வசனத்தைப் படிக்கப் போனேன். பெண்மணி தொடையில் கிள்ளினாள். மகள் அப்படியே நின்றாள். முன்னாலும் தோள்கள் குலுங்கின, பின்னாலும் குலுங்கின. அவை அடங்குகிறவரை ஒரு விரலைக்கூட அசைக்காமல் மீசையைப் பிடித்தபடி நின்றாள். பிறகுதான் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இடம் கொடுத்தாள். "எங்க பையனும்" என்று நான் படித்ததை யாரும் முழுதாகக் கேட்டிருக்க முடியாது. மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பக்கத்துப் பெண் மேல் சாய்ந்திருந்தாள். அத்தனை பேரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். காது கூசியது. நியாயம்தான் என்றும் இருந்தது.

முடிந்ததும் பழைய மாணவர் ஒருவர் மேடையோரம் வந்து, "அந்த அப்பா கேரக்டர் பிரமாதம் முசே. யாரையோ பாத்துதான் எழுதியிருக்கணும்" என்றார்.

"என்னைப் பாத்து எழுதினது."

சிரித்தார். "நெஜமாத்தான்" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, வண்டியைத் தூரத்தில் விட்டிருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மேடைக்குப் பின்னால் போனேன். ஐந்து பேரும் வேஷத்தைக் களைந்துகொண்டிருந்தார்கள். மனைவி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. பாட்டில் மகளிடம் இருந்தது. "தண்ணி" என்றேன். அவள் என் உதட்டைப் படித்தாள். பாட்டிலைத் தரவில்லை.

"தண்ணிம்மா."

"வாயால கேட்டா குடுக்க மாட்டா. கையால கேளுங்க" என்றாள் மனைவி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினேன். ஐந்து பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். "முசே, அது சரக்கு!" என்றாள் மீன்காரப் பெண்மணி.

மகள் அருகில் வந்து என் கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள், மடக்கினாள். முட்டியில் அவள் கை பட்டதும் நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. வைத்துக் காட்டிவிட்டு, நீங்களே செய்யுங்கள் என்பதுபோலத் தள்ளி நின்றாள். செய்தேன். தலையாட்டி, மறுபடியும் என்றாள். விரல்கள் விறைத்துப்போன கிழவனை இப்படியா படுத்துவார்கள்? மறுபடியும் செய்தேன்.

வெளியே ஒலிபெருக்கி அலறியது. "கலைஞர்கள் பொன்னாடை பெற உடனே மேடைக்கு வரவும்." மூன்று முறை அழைத்தார்கள். எனக்குக் கேட்டது. நகரவில்லை.